வெறுப்புக் குற்றத்துக்குச் சிறை மட்டும்தானா பதில்? திருகோணமலையில் இருந்துகொண்டு பேசுவோம்

கோணமலையான்:

திருகோணமலையில் இருந்துகொண்டு இதைக் கேட்டால் திட்டு விழும் என்று தெரியும். பரவாயில்லை. தண்டனை வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. இதுவரை தண்டனையால் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று கணக்குப் பார்க்கலாமே என்கிறேன்.

சட்டம் இல்லாமல் இல்லை. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் ஆங்கிலச் சுருக்கத்தை வைத்து ஐசிசிபிஆர் சட்டம் என்று இலங்கையில் எல்லோரும் சொல்லும் 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டத்தின் 3ஆவது பிரிவுப்படி, இன மத வெறுப்பைத் தூண்டினால் 10 வருடம் வரை கடூழியச் சிறை. நீதவான் பிணை தர முடியாது, மேல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். வாசித்தால் பயமாக இருக்கும். ஆனால் 2019இல் இது யார்மேல் பாய்ந்தது? ஹசலக்கவில் ஒரு முஸ்லிம் பெண்ணின் உடுப்பில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச் சக்கரம் என்று சொல்லி அவரை உள்ளே போட்டார்கள். சக்திக சத்குமார என்ற சிங்கள எழுத்தாளர் ஒரு சிறுகதைக்காக நான்கு மாதம் விளக்கமறியலில் இருந்தார். அதே வருடம் மே மாதம் குருநாகல், மினுவாங்கொடைப் பக்கம் கடைகளையும் பள்ளிவாசல்களையும் உடைத்தார்கள். பிடிபட்டவர்களில் பலர் கொஞ்ச நாளில் பிணையில் வெளியே.

இப்போது வேறோர் ஊர்க் கதை. அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் ஆஷ்பர்ன் என்ற இடம். கறுப்பினப் பிள்ளைகளுக்காக 1892இல் கட்டிய ஒரு சின்னப் பள்ளிக்கூடம் அங்கே நின்றது. 2016இல் ஐந்து பையன்கள் அதன் சுவர் முழுக்க நாஜிச் சின்னமான ஸ்வஸ்திகாவும் இனவெறி வாசகமும் அடித்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் 16, 17 வயது. ஐவரில் இரண்டு பேர்தான் வெள்ளையர் என்பதைக் கவனியுங்கள். பிள்ளைகளுக்குத் தாங்கள் வரைந்ததன் பொருளே சரியாகத் தெரியவில்லை என்று அரசுத்தரப்பு வழக்கறிஞருக்குத் தோன்றியது. அதனால் ஒரு பட்டியல் கொடுத்து மாதம் ஒரு புத்தகம் வாசித்து எழுதித் தரச் சொன்னார்கள். யூத இனப்படுகொலை அருங்காட்சியகத்துக்குப் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்பதும் தீர்ப்பில் இருந்தது.

இங்கே ஒரு பதினாறு வயதுப் பையன் கோவில் மதிலிலோ பள்ளிவாசல் சுவரிலோ ஏதாவது கிறுக்கினால் என்ன செய்வோம்? ஒன்றில் அடித்து நொறுக்குவோம், இல்லாவிட்டால் மூடி மறைப்போம். நடுவில் வேறு வழியே கிடையாதா?

உவர்மலை வாசி:

முதலில் ஒரு தடவையாவது தண்டித்துக் காட்டுங்கள். மாற்று வழியை அதற்கு அப்புறம் பேசலாம்.

2006 ஏப்ரல் 12 மரக்கறிச் சந்தையில் குண்டு வெடித்தது. அதற்குப் பிறகு கும்பல் வந்து தமிழர் கடைகளுக்கு நெருப்பு வைத்தது. யார் உள்ளே போனான்? ஒரு பெயர் சொல்லுங்கள். அதே வருடம் ஜனவரி 2 கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சாட்சி போதாது என்று விசேட அதிரடிப்படைக்காரர் 13 பேரையும் 2019 ஜூலையில் விடுதலை செய்தார்கள். 2023 செப்டம்பரில் 1987இல் உண்ணாவிரதமிருந்து இறந்த புலிகள் இயக்கத்துத் திலீபனின் நினைவு ஊர்தியைச் சர்தாபுரத்தில் மறித்து அடித்தபோது நாடாளுமன்ற உறுப்பினருக்கே அடி விழுந்தது, பக்கத்தில் பொலிஸ் நின்றது. காணொளியை எல்லோரும் பார்த்தோம்.

வர்ஜீனியாவில் புத்தகம் வாசிக்கச் சொல்லலாம். அங்கே பிடித்துக் கூண்டில் ஏற்றிய பிறகுதானே சொன்னார்கள்?

சட்டம் படிப்பவள்:

கோணமலையான் அண்ணா சொல்லும் நடுவழிக்கு இங்கே சட்டத்தில் கொஞ்சம் இடம் இருக்கிறது. யாரும் இந்தக் கோணத்தில் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இணக்கசபை என்று பெரியவர்கள் இன்னும் சொல்கிறார்களே, அந்த மத்தியஸ்த சபை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் வந்தது. சனி ஞாயிறுகளில் பள்ளிக்கூட மண்டபங்களில் கூடும். மத்தியஸ்தர்களுக்குச் சம்பளம் கிடையாது. இரு தரப்பும் ஆளுக்கு ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்ய, அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவார்கள். காணி, கடன் தகராறு மட்டும் அங்கே போவதில்லை. சிறு காயம், சொத்துக்குச் சேதம், அத்துமீறி நுழைதல் மாதிரியான குற்றங்களும் போகும். இணங்கினால் ஒரு சான்றிதழ். இணங்காவிட்டால் அதற்கும் ஒரு சான்றிதழ், அதை எடுத்துக்கொண்டு நீதிமன்றம் போகலாம்.

சிக்கல் எங்கே என்றால், எங்கள் தண்டனைச் சட்டக்கோவையில் வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் ஒன்றும் கிடையாது. மதத்தைப் புண்படுத்துவது பற்றி 290, 291 வரிசையில் சில பிரிவுகள் இருக்கின்றன, அதற்கு மேலே ஐசிசிபிஆர் சட்டம். இவை இரண்டிலும் பொலிஸ் கை வைக்காவிட்டால் கடைக் கண்ணாடியை உடைத்தது வெறும் 'சேதம்' ஆகிவிடும். மத்தியஸ்த சபைக்கு அது வரும்போது கண்ணாடியின் விலைதான் கடதாசியில் இருக்கும். ஏன் அந்தக் கடை, ஏன் அந்த நாள் என்பது எங்கேயும் இருக்காது. மாற்று வழி வேண்டும் என்றால் அந்த 'ஏன்' பதிவாக வேண்டும். என் பார்வையில் இது வேரிலேயே உள்ள குறை.

இன்னொன்று, 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். சிறைக்குப் பதிலாகச் சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளை போடலாம். சம்பளமில்லாத சமூக வேலை, ஆலோசனை எல்லாம் அதில் வரும்.

கிண்ணியா நானா:

தங்கச்சி சொன்ன அந்த 'ஏன்' பற்றி ஒரு கடைக்காரன் பேசட்டும்.

2019 ஏப்ரல் உயிர்த்த ஞாயிறு குண்டுகளுக்குப் பிறகு எங்கள் முஸ்லிம் கடைகளுக்கு என்ன நடந்தது என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அப்போது நான் டவுனில் கடை போட்டிருந்தேன். ஓர் இரவு பெயர்ப்பலகைக்குத் தார் பூசி, கீழே ஒரு வார்த்தையும் எழுதிவிட்டுப் போனார்கள். முறைப்பாடு கொடுக்கப் போனால், எழுதுவதற்கு முன்னமே "நாட்டு நிலைமை தெரியும்தானே, பேசி முடித்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். சரி என்றேன். கூட்டம் வைத்தார்கள். மௌலவி வந்தார், ஐயர் வந்தார், பிக்கு வந்தார், ஃபாதர் வந்தார். தேத்தண்ணி, பிஸ்கட். ஆளுக்கு ஐந்து நிமிடம் ஒற்றுமை பற்றிப் பேசினார்கள். கைகொடுத்து ஒரு போட்டோ.

தார் பூசியவர்கள் மட்டும் அங்கே இல்லை.

நான் யாருடன் சமாதானமானேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. "பெரிய மனது பண்ணுங்கள்" என்று என்னிடம் கேட்டார்கள். மனது பெரிதாக வேண்டியது பூசியவனுக்கா, பூசப்பட்டவனுக்கா? இப்படியான மாற்று வழி என்றால் வேண்டாம் தம்பி. அதைவிட நீதிமன்ற வாசலில் வருடக்கணக்காக நிற்கலாம், அங்கேயாவது வழக்கிலக்கம் என்று ஒன்று கிடைக்கும்.

ஆனால் அவன் யார் என்று தெரிந்து, அவனும் அவன் தகப்பனும் வந்து, "ஏன் என் கடை?" என்று நான் கேட்டதற்கு முகத்தைப் பார்த்து ஒரு பதில் சொல்லியிருந்தால், சத்தியமாக நான் சிறை கேட்டிருக்க மாட்டேன். பலகையைத் துடைத்துத் தந்தால் போதும் என்றுதான் இருந்திருப்பேன்.

கோணமலையான்:

நானா, நீங்கள் கேட்பதைத்தான் வெளியே சீராக்கும் நீதி என்கிறார்கள். 1974இல் கனடாவில் கிச்சனர் நகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு இளைஞர்கள் குடித்துவிட்டு ஒரே இரவில் 22 பேரின் சொத்தைச் சேதப்படுத்தினார்கள். நன்னடத்தை அதிகாரி ஒருவர், இவர்களை வீடு வீடாகக் கூட்டிப்போகலாமா என்று நீதிபதியிடம் கேட்டார். கூட்டிப்போனார்கள். கதவைத் தட்டி நாங்கள்தான் செய்தோம் என்று சொல்லி, நட்டத்தைக் கேட்டு எழுதி, பிறகு கட்டினார்கள். அதில் இனவெறி எதுவும் இல்லை, ஆனால் இந்த முறை அங்கிருந்துதான் பரவியது. 1989இல் நியூசிலாந்து, பிள்ளைகளின் வழக்குகளுக்குக் குடும்ப மாநாட்டைச் சட்டமாகவே கொண்டுவந்தது.

இதில் முக்கியம் ஆயத்தம். நடத்துபவர் முதலில் இரு பக்கத்தையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். செய்தவன் செய்தேன் என்று ஒப்புக்கொள்ளாவிட்டால் கூட்டமே இல்லை. பாதிக்கப்பட்டவர் வரமாட்டேன் என்றாலும் இல்லை. உங்களுக்கு நடந்தது இதில் சேர்த்தியே கிடையாது.

மதுரைக்காரன்:

நான் உங்கள் ஊர் இல்லை. எங்கள் பக்கத்து அனுபவம் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். நானா சொன்ன அந்தக் கூட்டத்துக்கு எங்கள் ஊரில் கட்டப்பஞ்சாயத்து என்று பெயர்.

பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமையைத் தடுக்க 1989இல் சட்டம் வந்தது. அதன் 18ஆவது பிரிவில் முன்பிணை கிடையாது. ஏன் அவ்வளவு கடுமை? சேரிக்காரனை அடித்துவிட்டு மறுநாளே ஊர்ப் பெரியவர்களை வைத்து 'சமாதானம்' பேசுவது வழக்கம். மறுத்தால் தண்ணீர் கிடையாது, வயல் வேலை கிடையாது, அவன்மேலேயே ஒரு எதிர்வழக்கு வரும். 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கைது விதிகளைத் தளர்த்தியது. நாடே கொந்தளித்தது. ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்துப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தது.

அந்தச் சட்டத்தின் 1995ஆம் ஆண்டு விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு நிவாரணத் தொகை தீர்ப்பு வரும்வரை காத்திருக்காது. எஃப்.ஐ.ஆர். பதிந்ததும் ஒரு பகுதி, குற்றப்பத்திரிகை போனதும் ஒரு பகுதி, மீதி பிறகு. குற்றவாளியை என்ன செய்வது என்று மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். அடிபட்டவனுக்கு நாளைக்குக் காலையில் என்ன என்று அந்த விதி கேட்கிறது. நடைமுறையில் இழுத்தடிப்பார்கள் என்பது வேறு கதை.

உவர்மலை வாசி:

மதுரைக்காரர் சொன்னதைப் பிரிண்ட் எடுத்துக் கச்சேரியில், அதுதான் மாவட்டச் செயலகத்தில், ஒட்ட வேண்டும்.

கோணமலையான், தண்டனை யாரையும் மாற்றாது என்பதுதானே உங்கள் அடிப்படை? மாறாது, ஒத்துக்கொள்கிறேன். பொதுபல சேனா என்ற கடும்போக்குப் பௌத்த அமைப்பின் ஞானசார தேரர் 2016இல் முஸ்லிம்களைப் பற்றிப் பேசியதற்கு 2024 மார்ச்சில்தான் நான்கு வருடத் தண்டனை. எட்டு வருடம் கழித்து! இடையில் நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் உள்ளே போய் 2019இல் ஜனாதிபதி மன்னிப்பில் வெளியே வந்தார். 2021இல் 'ஒரே நாடு ஒரே சட்டம்' செயலணிக்கு அவரே தலைவர். இந்த வரிசையைப் பார்க்கும் ஒரு பையன் என்ன படிப்பான்?

ஆள் மாறுவது வேறு. இது குற்றம் என்று அரசு வாய்திறந்து சொல்வது வேறு. இங்கே இரண்டாவது நடந்ததே இல்லை.

கோணமலையான்:

சரி, அதை ஏற்கிறேன். இன்னும் இரண்டு கதை சொல்லட்டுமா? பிறகு அடியுங்கள்.

2016இல் ஆர்கன்சாஸில் ஃபோர்ட் ஸ்மித் ஊர்ப் பள்ளிவாசலில் ஸ்வஸ்திகா கிறுக்கினார்கள். கூடப் போன ஓர் இளைஞன் சிறையில் இருந்தபடி பள்ளிவாசலுக்கு மன்னிப்புக் கடிதம் எழுதினான். பள்ளிவாசல்காரர் மன்னித்தோம் என்றார்கள், வழக்குப் பாரதூரமாகப் போக வேண்டாம் என்றும் கேட்டார்கள். அரசுத்தரப்பு கேட்கவில்லை, வழக்கு நடந்தது. பிறகு அவன் அபராதம் கட்ட வழியில்லாமல் திரும்பவும் சிறைக்குப் போகும் நிலை வந்தபோது, அந்தப் பணத்தைப் பள்ளிவாசலே கட்டிவிட்டது.

மற்றது ரயிஸ் புயான். வங்காளதேசத்துக்காரர், டெக்சாஸில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் வேலை செய்தவர். 2001 செப்டம்பர் 11க்குப் பழிவாங்குகிறேன் என்று மார்க் ஸ்ட்ரோமன் என்பவன் அவர் முகத்தில் சுட்டான். ஒரு கண் போனது. அதே ஆள் ஒரு பாகிஸ்தானியரையும் ஓர் இந்தியரையும் கொன்றுவிட்டான். மரண தண்டனை. பத்து வருடம் கழித்து, அவனைக் கொல்லாதீர்கள் என்று புயானே நீதிமன்றம் ஏறினார். 2011 ஜூலை 20 தண்டனையை நிறைவேற்றிவிட்டார்கள்.

உவர்மலை வாசி:

அருமையான மனிதர்கள். ஆனால் இரண்டிலும் பிடித்தார்கள், வழக்கு நடந்தது, தீர்ப்பு வந்தது. "இவனை விடுங்கள்" என்று புயான் சொன்னபோது விடுவதற்கு அங்கே ஒருவன் உள்ளே இருந்தான். கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் யாரை விடச் சொல்லிக் கேட்பாள்?

கொலையில் மாற்று வழி பேசுபவர்களுடன் எனக்குப் பேச்சே இல்லை. சுவர், பலகை, முகநூல் பதிவு, சண்டித்தனம், இதற்கெல்லாம் பேசலாம்.

மட்டுறுத்துநர்:

2018இல் நகரப் பாடசாலை ஒன்றில் நடந்த முஸ்லிம் ஆசிரியைகள் சேலைக்குப் பதிலாக ஹபாயா என்ற நீள அங்கி அணிவது பற்றிய பிரச்சினையை இழுத்து, ஆட்களின் பெயரோடு எழுதிய இரண்டு பதிவுகளை எடுத்துவிட்டேன். அந்த விவகாரம் மனித உரிமைகள் ஆணைக்குழுவரை போனது, பொதுவாகப் பேசலாம். தனி ஆட்களின் பெயர், படம், தொலைபேசி இலக்கம் வேண்டாம். மேலே உள்ளவர்கள் நாகரிகமாகத்தான் சண்டை பிடிக்கிறார்கள், தொடருங்கள்.

வெருகல் டீச்சர்:

அந்த 2018ஐப் பெயரில்லாமலே எடுத்துக்கொள்வோம். சேலையா ஹபாயாவா என்று பெரியவர்கள் றோட்டில் நின்றபோது, அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பிள்ளைகள். அடுத்த கிழமை வகுப்பில் அவர்கள் பேசிய சொற்கள் எல்லாம் பெரியவர்களின் பதாகையில் இருந்தவை. ஆகவே பதினாறு வயதுக்காரனைப் பற்றிப் பேசும்போது அவனுக்குச் சொல் எங்கேயிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

அதே வருடம் பெப்ரவரியில் அம்பாறையில் நடந்தது நினைவிருக்கும். முஸ்லிம் உணவகத்தில் மலட்டு மாத்திரை போட்டார்கள் என்று கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரச பகுப்பாய்வாளர் பார்த்துவிட்டு அது வெறும் மாக்கட்டி என்றார். அந்த அறிக்கையை எத்தனை பேர் வாசித்தார்கள்? கதைதான் ஓடியது. மார்ச்சில் கண்டிக்குப் பக்கத்தில் திகன எரிந்தது. அந்த வன்முறையில் தங்கள் தளத்துக்கும் பங்கு இருந்தது என்று ஃபேஸ்புக் நிறுவனம் 2020இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த கடைக்கு அதனால் என்ன?

என் கருத்து கொஞ்சம் வேறு. நானா கேட்டமாதிரி முகம் பார்த்துப் பேசுவது ஒரு தனிப் பையனுக்குச் சரிவரும். கூட்டமாகச் செய்தவர்களுக்கு வராது. கூட்டத்துக்குப் பின்னால் ஓர் அமைப்பு, ஒரு வட்ஸ்அப் குழு, ஓர் அண்ணன்மார் வட்டம் இருக்கும். மன்னிப்புக் கேட்டுவிட்டு அந்த வட்டத்துக்கே திரும்பிப் போனால் அவனைத் துரோகி என்பார்கள். நோர்வேயில் 1997இலும் சுவீடனில் 1998இலும் ஜெர்மனியில் 2000இலும் எக்சிட் என்ற பெயரில் தொடங்கிய வேலை இதற்காகத்தான். வெளியே வர நினைப்பவனுக்கு இடம், வேலை, புதிய சிநேகிதம் வரை பார்த்துக் கொடுப்பார்கள். பலதில் அந்தக் கூட்டத்தில் இருந்து வந்தவர்களே வேலை செய்கிறார்கள்.

ஒரு வேடிக்கையும் சொல்கிறேன். ஜெர்மனியில் வுன்சீடல் என்ற சிற்றூரில் நாஜி ஆதரவாளர்கள் வருடா வருடம் ஊர்வலம் போவார்கள். 2014இல் ஊர்க்காரர்கள் மறிக்கவில்லை. அவர்கள் நடக்கும் ஒவ்வொரு மீற்றருக்கும் 10 யூரோ அந்த எக்சிட் அமைப்புக்கு நன்கொடை என்று அறிவித்துவிட்டு, வழி நெடுகப் பதாகை கட்டி உற்சாகப்படுத்தினார்கள். 10,000 யூரோ சேர்ந்தது. நடந்தவர்களின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். எங்கள் ஊரில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இப்படி ஒன்று செய்யக்கூடிய துணிவு யாருக்கு இருக்கிறது?

கிண்ணியா நானா:

டீச்சர், துணிவு இருக்கிறது, மீற்றருக்கு 10 யூரோ கொடுக்கத்தான் ஆள் இல்லை.

மற்றது, தமிழர் சிங்களவர் என்று மட்டும் பேசிக்கொண்டு போகாதீர்கள். எங்களுக்கும் உங்களுக்கும் நடுவிலும் கணக்கு இருக்கிறது. 1990இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுதுகொண்டிருந்தவர்களைச் சுட்டார்கள். அதன் பிறகு தமிழ்க் கிராமங்களில் எங்கள் ஆட்கள் சேர்ந்து செய்ததும் உண்டு, அதை எங்கள் பக்கம் வாய்விட்டுச் சொல்வது குறைவு. இதற்கெல்லாம் நீதிமன்றத்தில் கூட ஆள் இல்லை. ஒரு கடைக்காரனால் தன் பலகைக்கு மன்னிப்புக் கொடுக்க முடியும். ஊர் முழுவதுக்கும் விழுந்த அடிக்கு அவன் எப்படிக் கொடுப்பான்? அந்தக் கூட்டத்தில் என்னிடம் கேட்டது அதைத்தான்.

சட்டம் படிப்பவள்:

நானா கேட்ட கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் மாற்று வழி என்று யார் வந்து சொன்னாலும் கேட்க வேண்டியதைச் சொல்லலாம். முறைப்பாடு பதிந்தாயிற்றா? பதியாமல் பேச்சு என்றால் எழும்பி வந்துவிடுங்கள். செய்தவன் ஒப்புக்கொண்டானா? இணங்கியதை அவன் செய்யாவிட்டால் வழக்கு திரும்ப உயிர்பெறுமா? இது இல்லாத இணக்கம் பல்லில்லாத பாம்பு.

மண்டபத்தில் மூன்று மத்தியஸ்தர்களும் ஒரே இனமாக இருந்தால் அங்கேயே பாதி முடிந்துவிடும். ஆளுக்கு ஒருவரைத் தெரியும் உரிமை சட்டத்தில் இருக்கிறது, பலர் அதைப் பாவிப்பதில்லை, போட்டவரை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பத்து வருடச் சிறை என்ற பிரிவைப் பற்றி உவர்மலை அண்ணாவுடன் எனக்கு உடன்பாடு இல்லை. தண்டனை அவ்வளவு பெரிதாக இருப்பதால்தான் பொலிஸ் அதைச் சின்ன ஆட்கள்மேல் ஆயுதமாக எடுக்கிறது, பெரிய ஆட்களிடம் தொடவே பயப்படுகிறது. சின்னத் தண்டனை, ஆனால் தவறாமல் வரும் என்றால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

உவர்மலை வாசி:

தவறாமல் வரும் என்பதற்கு நானும் கையெழுத்து வைக்கிறேன். ஆனால் கும்பலைக் கூட்டி வந்தவனுக்குச் சின்னத் தண்டனை என்றால் வைக்க மாட்டேன். இதில் நாங்கள் ஒத்துப்போகப் போவதில்லை.

புதியவன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். என் தம்பியைப் பஸ்ஸில் இனத்தைச் சொல்லித் திட்டித் தள்ளி விழுத்தினார்கள், கையில் சின்னக் காயம். ஆள் யார் என்று தெரியும், அடுத்த ஊர்தான். இப்போது என்ன செய்வது?

சட்டம் படிப்பவள்:

முதலில் ஆஸ்பத்திரி, அங்கே எப்படிக் காயம் வந்தது என்பதைச் சொல்லி எழுதுவியுங்கள். பிறகு பொலிஸில் முறைப்பாடு, தமிழில் எழுதச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. வேறு மொழியில் எழுதினால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்க வேண்டாம். திட்டிய சொற்களை 'தகாத வார்த்தை' என்று சுருக்க விடாமல் சொன்னபடியே பதியச் செய்யுங்கள், சாட்சிக்குப் பஸ்ஸில் இருந்த ஒருவரின் விபரமாவது எடுத்து வையுங்கள். முறைப்பாட்டு இலக்கம் கையில் வந்த பிறகு, மத்தியஸ்த சபையா நீதிமன்றமா என்று தம்பியிடமே கேளுங்கள்.